ஊசி குத்தினால் எலும்பு பலப்படுமா?

முதுகு நோவு, இடுப்பு நோவு, முழங்கால் நோவு. ஐம்பது வயதைத் தாண்டிய தாய்மார் நாலு பேர் கூடினால் அதிகம் பேசப்படுவது இவைதான். மண்வெட்டியும் தண்ணீர்க் குடமும் சுமந்த உடல்கள். ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வீட்டுச் சாமான்களைத் தலையிலும் சைக்கிளிலும் ஏற்றிக்கொண்டு இடம்பெயர்ந்த உடல்கள். நோவு வருவதில் வியப்பில்லை. ஆனால் அண்மைக் காலத்தில் ஒரு கேள்வி அடிக்கடி கேட்கப்படுகின்றது: "எலும்பு மெலிஞ்சு போச்சு எண்டு டொக்டர் சொல்லியிருக்கிறார், பாதர். சீனாக்காரற்றை ஊசி வைத்தியம் செய்தால் எலும்பு திரும்பப் பலப்படுமாம். மெய்யோ?"

இக்கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூறிவிட முடியாது. ஊசி வைத்தியத்தினால் சில நன்மைகள் உண்டு. ஆனால் அதனால் ஆகாத காரியங்களும் உண்டு. எது ஆகும், எது ஆகாது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் கையிலுள்ள சிறு சேமிப்பைச் செலவிட்டால் பணமும் போகும், எலும்பும் முறியும். எனவே இவ்விடயத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

எலும்பு மெலிவு என்றால் என்ன?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். "எலும்புத் தேய்வு" என்று நாம் பொதுவாகக் கூறுவது இரு வேறு நோய்களை. ஒன்று மூட்டுத் தேய்வு. முழங்கால் போன்ற மூட்டுக்களில் இரு எலும்புகளுக்கு இடையில் மெத்தை போல் இருக்கும் கசியிழையம் தேய்ந்து போவதால் இது வருகின்றது. நடந்தால் நோகும், குந்தியிருந்து எழும்பினால் நோகும். மற்றையது எலும்பு மெலிவு. வைத்தியர்கள் இதனை ஒஸ்ரியோபொறோசிஸ் என்பர். இதில் மூட்டு அல்ல, எலும்பே உள்ளுக்குள் ஐதாகி, துளைகள் பெருத்து, பலமிழந்து போகின்றது. இந்தக் கட்டுரை இரண்டாவது நோயைப் பற்றியது.

எலும்பு கல்லைப் போல உயிரற்ற பொருள் அன்று. நமது கிடுகு வேலியை எண்ணிப் பாருங்கள். உக்கிய கிடுகை எடுத்துவிட்டுப் புதிய கிடுகை வைத்துக் கட்டுகின்றோம். அதனால் வேலி எப்போதும் வேலியாக நிற்கின்றது. எலும்பிலும் இவ்வாறே ஒரு வகைக் கலங்கள் பழைய எலும்பை அரித்து அகற்ற, இன்னொரு வகைக் கலங்கள் புதிய எலும்பைக் கட்டுகின்றன. இளமையில் கட்டும் வேலை அதிகம். ஏறக்குறைய 30 வயதளவில் எலும்பின் சேமிப்பு உச்சத்தை அடைகின்றது. அதன்பின் அகற்றும் வேலை மெல்ல மெல்லக் கூடுகின்றது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றதும் ஈஸ்திரஜன் என்னும் ஹோமோன் குறைந்து விடுவதால் முதல் சில ஆண்டுகளில் எலும்பு மிக விரைவாகக் கரைகின்றது. பழைய கிடுகு கழன்றுகொண்டே போகப் புதிய கிடுகு வந்து சேராத வேலியின் நிலை அது.

இந்நோயில் உள்ள பெரிய ஆபத்து, அது ஓசையின்றி வருவதுதான். எலும்பு மெலிவதனால் மட்டும் நோவு உண்டாவதில்லை. முறிந்த பின்னரே தெரியவரும். பெரும்பாலும் முறிவது மூன்று இடங்களில்: மணிக்கட்டு, முதுகெலும்பு, தொடையெலும்பின் மேற்பகுதியாகிய இடுப்பு. முதுகெலும்பு சில வேளைகளில் விழாமலே நசிந்து போகும். குனிந்து ஒரு வாளி தண்ணீர் தூக்கினாலே போதும். "வயது போக ஆச்சி கூனிப் போனா" என்று நாம் சாதாரணமாகச் சொல்வது பல வேளைகளில் இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக நசிந்த முதுகெலும்புகளின் விளைவாகும். இடுப்பு முறிவு இன்னும் கொடியது. படுக்கையில் விழுந்த முதியவருக்கு நியுமோனியாக் காய்ச்சல், படுக்கைப்புண் என்பன தொடர்கின்றன. இடுப்பு முறிந்த முதியவர்களுள் ஐந்தில் ஒருவர் வரையில் ஓராண்டுக்குள் இறந்து விடுவதாகப் பல நாட்டுக் கணக்குகள் கூறுகின்றன.

எவருக்கு வரக்கூடும்?

மாதவிடாய் நின்ற பெண்கள், விசேடமாக 45 வயதுக்கு முன் நின்றவர்கள் அல்லது சூலகம் அகற்றப்பட்டவர்கள், மிக மெலிந்தவர்கள், தாய் அல்லது தந்தைக்கு இடுப்பு முறிந்திருந்தவர்கள், புகைப்பவர்கள், அதிகம் குடிப்பவர்கள், நீண்டகாலம் படுக்கையில் கிடந்தவர்கள். ஆண்களுக்கும் இது வரும், ஆனால் சற்றுப் பிந்தி வரும்.

இவற்றோடு நமக்கே உரிய ஒரு காரணத்தையும் சேர்த்து எண்ண வேண்டியுள்ளது. பெண்பிள்ளை பூப்பெய்தும் காலத்தை ஒட்டிய இரண்டு ஆண்டுகளிலேயே வளர்ந்தவரின் எலும்பில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு சேருகின்றது. 1990இலும் 1995இலும் இடம்பெயர்ந்தபோது 12, 13 வயதாயிருந்த பிள்ளைகள், நிவாரண அரிசியும் மாவும் பருப்பும் சீனியும் உண்டு வளர்ந்தவர்கள், இன்று நாற்பதுகளில் இருக்கின்றார்கள். பாலும் முட்டையும் மீனும் வேண்டிய அளவு கிடையாத அந்த ஆண்டுகளில் அவர்களது எலும்புச் சேமிப்புக் குறைந்திருக்கக் கூடும். அவர்கள் இப்போது மாதவிடாய் நிற்கும் வயதை அடைகின்றார்கள். ஆகவே இது ஆச்சிமாரின் பிரச்சினை மட்டுமன்று.

இன்னொரு காரணம் மருந்துகளிலிருந்து வருகின்றது. பிரெட்னிசொலோன், டெக்சாமெதசோன் போன்ற ஸ்ரெறோயிட் குளிசைகளை மாதக்கணக்கில் பாவித்தால் எலும்பு விரைந்து மெலியும். வைத்தியர் தேவை கருதி அளந்து தருவது வேறு. கடையில் பெயரில்லாத பைக்கற்றில் "மூட்டு நோவுக்குக் கைகண்ட மருந்து" என்று விற்கப்படும் குளிசைகளில் இத்தகைய மருந்து கலந்திருக்கக் கூடும். இரண்டு நாளில் நோவு பறந்துவிடும். ஆனால் இரண்டு ஆண்டுகளில் எலும்பு உளுத்துவிடும். அப்படியான குளிசையை நீண்டநாள் எடுத்தவர்கள் அதனைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. குளிசையையும் எடுத்துக்கொண்டு அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

ஊசி வைத்தியம் வந்த வழி

அக்குபங்சர் எனப்படும் ஊசி வைத்தியம் சீன நாட்டுக்குரியது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட 'மஞ்சட் பேரரசரின் உள்மருத்துவ நூல்' இதன் அடிப்படை நூல். உடலில் 'சீ' என்னும் உயிராற்றல் குறிப்பிட்ட பாதைகளில் ஓடுகின்றது, அது தடைப்படும்போது நோய் வருகின்றது, அப்பாதைகளில் உள்ள புள்ளிகளில் ஊசி குத்தினால் தடை நீங்கும் என்பது அவர்களது கொள்கை. நமது சித்த வைத்தியம் வாதம், பித்தம், கபம் என்று பேசுவதைப் போன்ற ஒரு கொள்கை இது.

சீனாவிலேயே இதற்கு ஏற்ற இறக்கங்கள் இருந்தன. 1822இல் பேரரசர் ஒருவர் அரண்மனை வைத்தியக் கழகத்தில் ஊசி வைத்தியத்தைத் தடை செய்தார். 1949இல் மாவோவின் ஆட்சி வந்தபோது கோடிக்கணக்கான கிராம மக்களுக்கு வைத்தியர்கள் இல்லை. ஊசிக்குச் செலவு குறைவு, மருந்தும் வேண்டியதில்லை. ஆகவே அரசு அதனை மீண்டும் ஊக்குவித்தது. 1960களின் பிற்பகுதியிலிருந்து 'வெறுங்கால் வைத்தியர்' என்று அழைக்கப்பட்ட விவசாயிகள் சில மாதப் பயிற்சி பெற்று, காலையில் வயலிலும் மாலையில் நோயாளரோடும் வேலை செய்தபோது அவர்களது பையில் ஊசிகளும் இருந்தன. 1971இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் றெஸ்ரன் பீக்கிங் நகரில் குடல்வளரி சத்திரசிகிச்சைக்குப் பின் தமக்கு ஊசி குத்தப்பட்டதை எழுதினார். அதன்பின்னரே மேற்கு நாடுகளில் இது பெரிதாகப் பேசப்பட்டது.

இலங்கைக்கு இது 1970களில் வந்தது. வாதநோய் வைத்திய நிபுணரான டாக்டர் அன்ரன் ஜயசூரிய சீனாவில் பயிற்சி பெற்று வந்து களுபோவில அரச வைத்தியசாலையில் ஊசி சிகிச்சை அளித்தார். வெளிநாட்டு வைத்தியர்கள் பலர் அங்கு வந்து அவரிடம் கற்றுச் சென்றனர். அவர் 2005இல் காலமானார். நமது நாட்டில் இவ்வைத்தியம் பலருக்கும் பழக்கப்பட்ட ஒன்றானதற்கு அவரது வேலை முக்கிய காரணமாகும்.

எலும்புக்கு எங்கே குத்துகின்றார்கள்?

பழைய சீன நூல்களில் ஒஸ்ரியோபொறோசிஸ் என்ற பெயர் இல்லை. எலும்பும் மச்சையும் வற்றிப் பலமிழக்கும் ஒரு நிலை பற்றிக் கூறப்பட்டுள்ளது. எலும்பை ஆள்வது சிறுநீரகம் என்பது அந்நூல்களின் கருத்து. ஆகவே எலும்பு மெலிவுக்கு வைத்தியம் செய்பவர்கள் சிறுநீரகத்தோடும் மண்ணீரலோடும் தொடர்புடையனவாகக் கருதப்படும் புள்ளிகளைத் தெரிவு செய்கின்றனர். இடுப்புக்குச் சற்று மேலே முதுகெலும்பின் இருபுறமும், முழங்காலுக்குக் கீழே காலின் வெளிப்பக்கமும், உட்கணுக்காலுக்கு மேலும், தொப்புளுக்குக் கீழும் உள்ள புள்ளிகள் இவற்றுள் முக்கியமானவை.

இங்கு ஒரு விடயத்தைச் சுட்டிக்காட்ட வேண்டும். நவீன வைத்தியப்படியும் சிறுநீரகத்துக்கும் எலும்புக்கும் தொடர்பு உண்டு. விற்றமின் டி உடலில் வேலை செய்யக் கூடிய வடிவத்துக்கு மாற்றப்படுவது சிறுநீரகத்தில்தான். சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு எலும்பும் பாதிக்கப்படும். இதனைக் கொண்டு பழைய சீனர் எல்லாவற்றையும் அறிந்திருந்தனர் என்று வாதிடுபவர்கள் உள்ளனர். அவ்வாறு கூற முடியாது. அவர்கள் 'சிறுநீரகம்' என்றபோது குறித்தது வளர்ச்சி, இனப்பெருக்கம், முதுமை யாவற்றையும் ஆளும் ஓர் ஆற்றலையே.

மயிர் போன்ற மெல்லிய ஊசிகள் தோலினூடாகச் செலுத்தப்பட்டு 20 முதல் 30 நிமிடம் வரை விடப்படுகின்றன. சிலர் ஊசிகளில் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்துவர். வேறு சிலர் ஊசியின் தலையில் மாசிபத்திரி இனத்து மூலிகையைச் சுருட்டி வைத்துக் கொளுத்திச் சூடேற்றுவர். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவையாகப் பத்துப் பன்னிரண்டு தடவை செய்வது வழக்கம். ஊசி ஏறும்போது சிறு கடுப்பும் பாரமும் தெரியும். பெரிய நோவு இராது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

சூலகம் அகற்றப்பட்ட எலிகளுக்கு மின்னூசி குத்திப் பார்த்த சில ஆய்வுகளில், குத்தாத எலிகளை விட அவற்றின் எலும்பு குறைவாகவே மெலிந்திருந்தது. மனிதரில் நடந்த பரிசோதனைகளிற் பெரும்பாலானவை சீனாவில் நடந்தவை. அவற்றுட் பல, ஊசி குத்தியவர்களுக்கு நோவு குறைந்தது, எலும்பின் அடர்த்தியும் சிறிது கூடியது என்று கூறுகின்றன. இதைக் கேட்டுத்தான் "எலும்பு பலப்படும்" என்று விளம்பரம் செய்கின்றார்கள்.

ஆனால் இந்தப் பரிசோதனைகளை ஒன்றாகச் சேர்த்து நிறுத்துப் பார்த்தவர்கள் சில குறைகளைக் காட்டியுள்ளனர். பங்குபற்றியோர் தொகை சிறியது. பலவற்றில் சிகிச்சை சில மாதங்களே நடந்தது. ஊசியோடு கல்சியமும் வேறு மருந்துகளும் கொடுக்கப்பட்டதால் நன்மை எதனால் வந்தது என்று பிரித்தறிவது கடினம். எலும்பு மெல்ல மாறும் பொருள். அதன் அடர்த்தியில் நம்பத்தக்க மாற்றத்தை ஸ்கானில் காண்பதற்குப் பெரும்பாலும் ஓராண்டு, இரண்டாண்டு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நமக்கு வேண்டியது ஸ்கான் கடுதாசியில் ஓர் இலக்கம் கூடுவது அன்று. விழுந்தால் எலும்பு முறியாதிருப்பதே. ஊசி குத்தியதால் எலும்பு முறிவுகள் குறைந்தன என்று நிறுவப்படவில்லை.

இதனை ஒரு மருந்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அலென்ட்ரோனேற் என்னும் குளிசையை அமெரிக்காவில் முன்னரே முதுகெலும்பு நசிந்திருந்த 2,027 பெண்களிடம் சுமார் மூன்று ஆண்டுகள் பரிசோதித்து, 1996இல் முடிவை வெளியிட்டனர். மருந்தில்லாத வெறுங்குளிசை பெற்ற ஒவ்வொரு 100 பேரிலும் 15 பேருக்கு முதுகெலும்பு புதிதாக நசிந்தது. மருந்து பெற்ற 100 பேரில் 8 பேருக்கே அவ்வாறு நேர்ந்தது. இடுப்பு முறிவும் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஊசி வைத்தியத்துக்கு இத்தகைய சான்று இல்லை.

நோவுக்கு ஊசி உதவுமா?

உதவக் கூடும். 2007இல் வெளியான ஜேர்மன் ஆய்வொன்று நீண்டகால இடுப்பு நோவு உள்ள 1,162 பேரை மூன்று பிரிவாக்கியது. ஒரு பிரிவினருக்குச் சீன முறைப்படி சரியான புள்ளிகளில் ஊசி குத்தப்பட்டது. இரண்டாம் பிரிவினருக்குப் புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டது. மூன்றாம் பிரிவினருக்கு வழமையான மருந்தும் உடற்பயிற்சியும் கொடுக்கப்பட்டன. ஆறு மாதத்தின் பின் சுகம் கண்டவர்கள் முதற்பிரிவில் நூற்றுக்கு 47.6 பேர், இரண்டாம் பிரிவில் 44.2 பேர், மூன்றாம் பிரிவில் 27.4 பேர்.

இதிலிருந்து இரண்டு விடயங்கள் தெரிகின்றன. ஊசி குத்தியவர்களுக்கு வழமையான சிகிச்சையிலும் பார்க்க அதிக சுகம் கிடைத்தது. ஆனால் சரியான புள்ளியில் குத்தினாலும் வேறு இடத்தில் குத்தினாலும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. ஊசி நரம்புகளைத் தூண்டி உடல் தானே நோவு தணிக்கும் பொருள்களைச் சுரக்கச் செய்வதும், அமைதியாகப் படுத்திருப்பதும், ஒருவர் அக்கறையோடு தொட்டுக் கவனிப்பதும், நம்பிக்கையும் எல்லாம் சேர்ந்தே சுகம் தருகின்றன எனலாம். எப்படி வந்தாலும் நோவு குறைந்தவருக்கு அது நன்மையே. நோவு குறைந்தால் நடக்கலாம். நடந்தால் எலும்புக்கும் தசைக்கும் நல்லது. நோவுக் குளிசைகளால் வயிறு புண்ணானவர்களுக்கும் இது ஒரு மாற்று வழியாகலாம்.

ஆனால் ஆபத்தும் இங்கேதான் உள்ளது. நோவு குறைவது வேறு, எலும்பு பலப்படுவது வேறு. பத்து நாள் ஊசி குத்தி நோவு நின்றதும், "எனக்குச் சுகம் வந்திட்டுது" என்று வைத்தியர் தந்த குளிசையை நிறுத்திவிட்டு, முன்போல் நெல் மூடையைத் தூக்கப் போகும் தாயின் எலும்பு முன்னிருந்தபடியே மெலிந்துதான் இருக்கின்றது. நோவு என்ற எச்சரிக்கை மட்டும் இல்லாமற் போய்விட்டது. ஊசி வைத்தியம் செய்யும் எவராவது "ஆஸ்பத்திரிக் குளிசையை நிறுத்துங்கள்" என்று சொன்னால் அவரிடம் மேற்கொண்டு போகாதீர்கள்.

ஊசி வைத்தியரிடம் போக எண்ணினால்

1. முதலில் வைத்தியசாலையில் உங்களைக் காட்டுங்கள். முதுகு நோவு எல்லாம் எலும்பு மெலிவு அல்ல. இரவில் கூடும் நோவு, காய்ச்சல், உடல் மெலிதல் ஆகியன இருந்தால் கசநோயோ புற்றுநோயோ காரணமாயிருக்கலாம். கால் விறைத்துப் பலமிழந்தாலோ, சலம் மலம் கட்டுப்படாமற் போனாலோ அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

2. பயிற்சியும் பதிவும் உள்ளவரா என விசாரியுங்கள்.

3. ஊசி புதியதா எனப் பாருங்கள். உங்கள் கண்முன் உறை பிரிக்கப்பட்டு, ஒருமுறை பாவித்து எறியப்பட வேண்டும். ஒருவருக்குப் பாவித்த ஊசி மூலம் ஈரல் அழற்சியும் எயிட்சும் பரவலாம்.

4. இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்கள் அதனை முன்கூட்டியே சொல்ல வேண்டும். இருதயத்தில் மின்கருவி பொருத்தியவர்களுக்கு மின்னூசி கூடாது. நீரிழிவால் கால் விறைத்தவர்களுக்கு மூலிகைச் சூடு ஆகாது. சுடுவது தெரியாமல் புண் வந்துவிடும். மெலிந்தவர்களின் நெஞ்சிலும் மேல்முதுகிலும் ஆழமாகக் குத்தினால் நுரையீரல் துளைபடக் கூடும்.

5. முதுகைப் பலமாக அழுத்தவோ, முறித்துத் திருப்பவோ, ஏறி மிதிக்கவோ எவரையும் அனுமதிக்க வேண்டாம். மெலிந்த எலும்புக்கு ஊசியை விட இதுவே பெரிய ஆபத்து. எண்ணெய் போட்டு உருவுபவர்களுக்கும் இதனைச் சொல்லி வையுங்கள்.

6. செலவைக் கணக்குப் பாருங்கள். பத்துத் தடவைக் கட்டணம், பத்துத் தடவை பஸ் செலவு, பத்து நாட் கூலி. அதே பணத்துக்குச் சில மாதங்களுக்கு முட்டையும் மீனும் வாங்கலாம். ஐந்தாறு தடவையில் நோவில் மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்தி விடுங்கள்.

எலும்பைப் பலப்படுத்துவது எது?

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். குதிக்கால்களைச் சுவரோடு ஒட்டி நிமிர்ந்து நில்லுங்கள். பின்தலை சுவரைத் தொடாவிட்டால், அல்லது இளமையில் இருந்த உயரத்தில் நான்கு சென்ரிமீற்றருக்கு மேல் குறைந்திருந்தால், முதுகெலும்பு நசிந்திருக்கலாம் என்று ஐயுற வேண்டும். சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பின் மூன்றில் ஒரு பங்களவு போன பின்னரே மெலிவு தெளிவாகத் தெரியும். டெக்சா என்னும் ஸ்கான் முன்கூட்டியே காட்டும். இளம் வயதினரின் சராசரியை விட 2.5 நியம விலகல் அல்லது அதற்கு மேல் குறைந்திருந்தால் அது ஒஸ்ரியோபொறோசிஸ் என 1994இல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. ஸ்கான் எடுக்க வசதியில்லாவிட்டாலும், சாதாரணமாக விழுந்து எலும்பு முறிந்தவருக்கு வைத்தியர் சிகிச்சை தொடங்கலாம்.

உணவு: ஐம்பது வயதைத் தாண்டிய பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,200 மில்லிகிராம் கல்சியம் தேவை எனப்படுகின்றது. 100 கிராம் குரக்கன் மாவில் ஏறக்குறைய 340 மில்லிகிராமும், 200 மில்லிலீற்றர் பசுப்பாலில் ஏறக்குறைய 240 மில்லிகிராமும் உண்டு. முள்ளோடு தின்னக் கூடிய நெத்தலி போன்ற சிறுமீன், முருங்கையிலை, எள்ளு, தயிர் என்பனவும் நல்லவை. கருவாடானால் உப்புப் போகக் கழுவிச் சமையுங்கள். அதிக உப்பு கல்சியத்தைச் சலத்தோடு வெளியேற்றும். பயறு, உழுந்து, முட்டை ஆகியனவும் வேண்டும். பூப்பெய்திய பிள்ளைக்கு இடுப்பெலும்பு பலப்பட உழுந்துக்களியும் முட்டையும் கொடுக்கும் நமது வழக்கம் சரியான காலத்தில் செய்யப்படும் நல்ல காரியம். அதனைச் சில நாட்களோடு நிறுத்தாமல், பால், குரக்கன், எள்ளுருண்டை ஆகியவற்றோடு பிள்ளை வளர்ந்து முடியும் வரை தொடர வேண்டும். நல்லெண்ணெயில் கல்சியம் இல்லை, எள்ளில்தான் உண்டு. வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்பில் கல்சியம் இருக்கின்றதே என்று கேட்பவர்களும் உள்ளனர். பாக்கு வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும். அந்த வழி வேண்டாம்.

வெயிலும் வேலையும்: கல்சியம் உடலிற் சேர விற்றமின் டி வேண்டும். அது வெயில் தோலில் படுவதால் உண்டாகின்றது. தோட்டத்தில் வேலை செய்பவருக்குக் குறைவில்லை. வீட்டுக்குள்ளேயே இருக்கும் முதியவரை நாள்தோறும் சிறிது நேரம் வெளியில் இருத்துங்கள், நடத்துங்கள். நடையும் நின்று செய்யும் வேலையும் எலும்பைத் தூண்டும். ஆனால் எலும்பு மெலிந்தவர் இடுப்பை வளைத்துப் பாரம் தூக்கக் கூடாது. முழங்காலை மடக்கி, சுமையை உடலோடு அணைத்துத் தூக்குங்கள். பெரிய வாளிக்குப் பதிலாக இரண்டு சிறிய வாளி பாவியுங்கள்.

மருந்து: வைத்தியர் அலென்ட்ரோனேற் தந்தால் காலையில் வெறுவயிற்றில் ஒரு கிளாஸ் வெறுந்தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், தேநீர்கூடக் குடியாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும், மருந்தும் உடலில் சேராது. நோவு இல்லை என்பதற்காக நிறுத்த வேண்டாம்.

விழாதிருத்தல்: முறிவுக்கு முன் விழுதல் வருகின்றது. கிணற்றடிப் பாசியை உரஞ்சிக் கழுவுங்கள். மலசலகூடத்துக்குப் போகும் பாதையைச் சமப்படுத்தி, பிடித்துக்கொள்ள ஒரு தடியோ கயிறோ கட்டுங்கள். முதியவரின் தலைமாட்டில் ஒரு ரோச் லைற் இருக்கட்டும். கண்புரை இருந்தால் சத்திரசிகிச்சையைத் தள்ளிப் போட வேண்டாம். தற்காலிகக் கொட்டில்களில் வாழ்வோருக்கு வாசற்படியும் கூடாரக் கயிறும் பெரும் பகைவர்கள். இவற்றைச் சரிசெய்ய இளைஞர் நாலு பேரின் ஒரு பிற்பகல் வேலை போதும்.

முதியவர் விழுந்து எழும்ப முடியாமல், ஒரு கால் கட்டையாகிப் பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் அது இடுப்பு முறிவு. முறிவு வைத்தியரின் பத்துக்கும் கட்டுக்கும் காத்திராமல், ஊசி வைத்தியரையும் தேடாமல், அசைக்காது நேரே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். விரைவாகச் சத்திரசிகிச்சை செய்தால் பலர் மீண்டும் நடக்கின்றார்கள்.

சுருக்கமாகச் சொன்னால், நல்ல கையில், புதிய ஊசியில், கட்டுப்படியான செலவில் ஊசி வைத்தியம் கிடைத்தால் நோவுக்கு அதனை நாடலாம். எலும்பைக் காப்பதற்கு அதனை மட்டும் நம்பியிருக்க முடியாது. அந்த வேலையைச் செய்வது சாப்பாட்டுக் கோப்பையும், வெயிலில் நடையும், வைத்தியரின் குளிசையும், வழுக்காத கிணற்றடியுமே. உங்கள் மாதர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் ஒவ்வொருவரையும் சுவரோடு நிறுத்தி உயரத்தை அளந்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே மாதத்தில் மீண்டும் அளந்து பாருங்கள். உயரம் குறைந்தவரை அந்தக் கிழமையே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.